ஹைவேயில் அரை மணி நேரம்

ஞாயிறு, இரவு

பழைய டீசல் காரில் புகை ஃபில்டர் அடைத்து, டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. "ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமே ஓட்டினா ஃபில்டர்ல படிஞ்ச கரி எரியாது அண்ணே. ஹைவேயில அரை மணி நேரம் நிக்காம ஓட்டுங்க" என்றான் ஜுருவில் இருக்கும் மெக்கானிக்.

மனைவி மேரியைத் தனியாக விட முடியாது. அவளையும் ஏற்றிக்கொண்டு தீவிலிருந்து பாலம் தாண்டி நிபோங் திபால் பக்கம் வண்டியை விட்டேன். டயாலிசிஸ் ஆரம்பித்ததிலிருந்து அவள் தீவை விட்டு வெளியே வந்ததில்லை. கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தாள்.

"இப்பவாவது என்னை வெளிய கூட்டிட்டுப் போகணும்னு தோணுச்சே" என்றாள். ஃபில்டருக்காக என்று சொல்ல வாய் வரவில்லை.

"என்னங்க, அரை கிளாஸ் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போலாமே."

நிறுத்தினால் கரி எரிவதும் நின்றுவிடும். காதில் விழாத மாதிரி ஓட்டினேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

வீடு வந்தும் அந்த மஞ்சள் விளக்கு அணையவில்லை. நிறுத்தியிருக்கலாம்.