கீறல் காட்டும் விளக்கு

மார்ச் 3, செவ்வாய்

பல் துலக்கும் பிரஷ்ஷை மாற்ற வேண்டும் என்று போன மாதமே நினைத்தேன். மிருதுவானதா, நடுத்தரமானதா என்பது இன்னும் முடிவாகவில்லை. இப்படிப்பட்டவனிடம் இன்று மாலை ஒரு பெரும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது.

மருமகள் கார்களுக்குப் பாலிஷ் போடுகிறாள். கடை கிடையாது. வேனில் மெஷினை ஏற்றிக்கொண்டு கார் நிற்கும் இடத்துக்கே போவாள். நேற்று ஒரு பல் டாக்டரின் கறுப்புக் கார். கீழ்த்தளப் பார்க்கிங்கில், ட்யூப்லைட்டுக்கு அடியில், நாள் முழுக்கத் தேய்த்துக் கண்ணாடியாக்கிவிட்டு வந்தாள். இன்று காலை அவர் காரை வெயிலுக்கு எடுத்திருக்கிறார். பானெட் முழுக்க வட்ட வட்டமாகச் சிலந்தி வலைபோல் கீறல். போட்டோ அனுப்பி, கீழே ஒரு வரி: "இதுக்கு முன்னாடி இருந்ததே பரவாயில்லம்மா." பல் பிடுங்குகிறவர். மரத்துப்போக ஊசி போடாமல் பேசிவிட்டார்.

"வெளிச்சம்தான் பிரச்சினை. நல்ல லைட் ஒண்ணு வாங்கணும்" என்றான் மகன். அவன் எல்லாருக்கும் ஆலோசகன். "அப்பா சும்மாதானே இருக்கார், அவர் பார்க்கட்டும்."

நான் பணியில் இருந்தவரை இயற்பியல் பாடநூல்களுக்கு மெய்ப்புத் திருத்தினேன். ஒளியியல் அதிகாரத்தில் என் சிவப்பு மை படாத பக்கம் இல்லை. ஆகவே எனக்கு விளக்கு வாங்கத் தெரியும் என்பது அவன் தர்க்கம். சமையல் புத்தகத்தை அச்சடித்தவன் கைமணம் உள்ளவன் என்பதுபோல.

விளையாட்டுக் காரியமும் இல்லை. விழாக்களுக்குக் கார் வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்று 21ஆம் தேதி சோதனைக்கு ஒரு வண்டி தருகிறது. பிடித்துப்போனால் அவர்கள் வண்டிகள் அத்தனையும் இவளுக்கு. இல்லாவிட்டால் வேனை விற்றுவிட்டுப் பழைய ஷோரூமுக்கே திரும்ப வேண்டும். அங்கே முதலாளியின் மைத்துனர் இவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏய், துணி!" என்பாராம். கையில் எப்போதும் துடைக்கும் துணி இருந்ததால்.

அவள் எதிர்காலம் என் முடிவெடுக்கும் திறமையில் தொங்குகிறது. பாவம்.

மார்ச் 5, வியாழன்

கணினியில் நாள் முழுக்கத் தேடினேன். உலகில் விற்கும் எல்லா விளக்கும் "சூரியனுக்கு நிகர்". சூரியனுக்கு மட்டும் இத்தனை பங்காளிகள் இருப்பது தெரியாது. நிறத்தை உள்ளபடி காட்டுவதில் எல்லா விளக்கும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கியிருக்கின்றன. தேர்வு வைத்தது யார், தாள் திருத்தியது யார் என்று மட்டும் எங்கும் போடவில்லை.

கட்டம் போட்டு எழுத ஆரம்பித்தேன். எடை, பேட்டரி, வெளிச்சம், சூடு, காந்தம்.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "பொண்ணு பார்க்க வந்தப்போ கூட இத்தனை கட்டம் போட்டிருக்க மாட்டீங்க."

போட்டிருக்கலாமோ என்று தோன்றியது. இதை இங்கே எழுதுவதற்கே பயமாக இருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

விளக்குக் கடைக்குப் போனேன். விவரம் மட்டும் கேட்டுவிட்டு வருவதாகத் திட்டம்.

கடைக்காரர் ஒரு பெட்டியைத் தூக்கி மேசையில் வைத்தார். "என்ன வேலைக்கு சார்?"

"காரில் கீறல் பார்க்க."

"இத எடுத்துட்டுப் போங்க. கட்டடம் கட்டுறவங்க வாங்குறது. ராத்திரியில பந்து விளையாடலாம்."

பந்து விளையாடும் உத்தேசம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கயிறு கட்டிவிட்டார். கயிறு கட்டிய பிறகு வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எந்த மனிதனுக்கு உண்டு? பலருக்கு உண்டு என்கிறாள் என் மனைவி.

மார்ச் 9, திங்கள்

எங்கள் பழைய காரின் பானெட்டில் அந்தப் பெருவிளக்கைப் போட்டுப் பார்த்தோம். அதிசயம். ஒரு கீறல் இல்லை. இத்தனை வருடத் தூசியும் பூனை நகமும் என் அஜாக்கிரதையும் தேய்த்த கார், நேற்றுத்தான் ஷோரூமிலிருந்து வந்ததுபோல் நின்றது.

"ஏங்க, அந்த லைட்ட அப்படியே என் மூஞ்சிக்கு நேரா வைங்க" என்றாள் மனைவி. "போட்டோ எடுத்துப்போம்."

மருமகள் சிரித்துவிட்டுச் சொன்னாள்: "பெரிய லைட்டு மாமா, அகலமா வந்து எல்லாத்தையும் மூடிடும். வெயில் ஒரே புள்ளியில இருந்து வருது. அதான் காட்டிக்கொடுக்குது."

ஒளியியல், மூன்றாம் பாடம், புள்ளி மூலமும் பரந்த மூலமும். அந்தப் பாடத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறியதற்காக அச்சகத்தோடு நான் கடிதப்போர் நடத்தியிருக்கிறேன். காற்புள்ளி நினைவிருக்கிறது. பாடம்தான் மறந்துவிட்டது.

பெருவிளக்கு இப்போது பின்கட்டில் பாத்திரம் கழுவும் இடத்தில் தொங்குகிறது. பாத்திரங்கள் பளபளக்கின்றன. கழுவினதா இல்லையா என்றே தெரியவில்லை.

மார்ச் 12, வியாழன்

வேண்டியது சின்ன விளக்கு. முடிவாகிவிட்டது. எந்தச் சின்ன விளக்கு என்பது முடிவாகவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

அவமானம்.

மின்வேலை செய்பவரிடமும் தையல்காரரிடமும் கெஞ்சி மூன்று சின்ன விளக்குகள் இரவல் வாங்கினேன். கறுப்பு வண்டியில் சோதித்தால்தான் தெரியும். எதிர்வீட்டு வக்கீலின் கார் கறுப்பு. தெருவில்தான் நிற்கும். அனுமதி கேட்க வெட்கப்பட்டு, வெளிச்சம் மங்கும் நேரமாகப் பார்த்து, அதன் கதவருகில் குந்தி ஒவ்வொன்றாய் அடித்துப் பார்த்தேன். தையல்காரரின் விளக்கு அபாரம். நூல் நூலாய் அத்தனை கீறலும் எழுந்து நின்றன. சந்தோஷத்தில் "ஆகா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"என்ன தேடுறீங்க?" தலைக்கு மேல் வக்கீல்.

"கீறல்" என்றேன்.

"என் வண்டியிலயா? யார் போட்டது?"

"நிறைய இருக்கிறது" என்றேன். உண்மையைச் சொல்லக் கூடாத இடத்தில் மட்டும் எனக்கு வாய் வந்துவிடுகிறது.

"நேத்து வரைக்கும் ஒண்ணுகூட இல்லையே! நீங்க இங்க குந்தியிருக்கீங்க, கையில என்னமோ இருக்கு, வண்டியெல்லாம் கீறலா இருக்கு. நான் என்ன நெனைக்கறது?"

என் மனைவி வாசலில் இருந்தே தீர்ப்புக் கொடுத்தாள்: "வக்கீல் சார், அவருக்கு ஒரு கோடு போடணும்னாலே ஒரு வாரம் யோசிப்பார். உங்க வண்டியில இருக்குற கோட்டையெல்லாம் போட அவருக்கு ஆயுசு பத்தாது."

வக்கீல் ஒப்புக்கொண்டு உள்ளே போனார். என் குணநலனே எனக்குச் சாட்சியாய் நின்று என்னை விடுவித்தது. பெருமைப்படுவதா?

மார்ச் 17, செவ்வாய்

விளக்கு வந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்குகிறது. ஒரே புள்ளி வெளிச்சம், பக்கத்துக் கதவில் ஒட்டி நிற்கக் காந்தம், கறுப்பு வண்டிக்கு வெள்ளை ஒளி, வெள்ளை வண்டிக்கு மஞ்சள் ஒளி, குறைக்கவும் கூட்டவும் படிகள். பேட்டரி தீரும்வரை வெளிச்சம் மங்காது. மங்கினால் கீறல் போய்விட்டதாக நினைத்துவிடுவோமாம். கூடவே மாற்று பேட்டரி ஒன்று. ஸ்டாண்டு வாங்கவில்லை. மூன்று கால் உள்ளதா, மடக்குவதா என்பது நிலுவையில் இருக்கிறது.

மகன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இவ்ளோதானா? இதுக்கா இத்தனை நாளு?"

செலவழித்த யோசனைக்குக் கையில் எடை தெரியாது. அவனுக்கு அது புரியாது.

மார்ச் 18, புதன்

மருமகள் எங்கள் காரில் அடித்துப் பார்த்தாள். "ஐயய்யோ" என்றாள். நல்ல விளக்கு.

மார்ச் 20, வெள்ளி

இன்று ஒன்று தெரிந்துகொண்டேன். தெரியாமலே இருந்திருக்கலாம்.

பாலிஷ் என்றால் கீறலை அடைப்பது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இல்லையாம். பெயின்ட்டுக்கு மேலே கண்ணாடிபோல் ஒரு மெல்லிய பூச்சு. கீறல் விழுவது அதில். சுற்றியிருக்கும் பூச்சைத் தேய்த்துத் தேய்த்துக் கீறலின் ஆழத்துக்கு இறக்குவதுதான் பாலிஷ். அலுவலகங்களில் இந்த முறை நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஒருவனை உயர்த்த முடியாவிட்டால் மற்றவர்களை அவன் மட்டத்துக்கு இறக்குவார்கள். எல்லாம் சமமாகிப் பளபளக்கும்.

"ஆனா தேய்ச்சுக்கிட்டே போனா பூச்சே போயிடும் மாமா. அப்புறம் அந்த இடம் வெளுத்துப்போகும், புதுசா பெயின்ட்தான் அடிக்கணும்" என்றாள். பூச்சின் கனத்தை மைக்ரானில் அளக்க ஒரு சின்ன மீட்டர் வைத்திருக்கிறாள். "தொண்ணூறுக்குக் கீழ எறங்கினா கைய எடுத்துடணும். நாளைக்கு நீங்க கூட வந்து லைட்டப் பிடிச்சுக்கிட்டு, நம்பரையும் படிச்சுச் சொல்றீங்களா?"

ஸ்டாண்டு நிலுவையில் இருப்பதால் நானே ஸ்டாண்டு.

ஒரு விஷயம் உறுத்துகிறது. வக்கீலின் காரில் அத்தனை கீறல். அவர் கண்ணுக்கு ஒன்றுமில்லை. நான் வாங்கியிருக்கும் விளக்கு வெயில் காட்டாததையும் காட்டுகிறதோ? யாரிடம் கேட்பது?

மார்ச் 21, சனி

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

கம்பெனியின் ஷெட். நீளமான கறுப்புக் கார். காலையில் தொடங்கினாள். நான் விளக்கோடு பின்னாலேயே நகர்ந்தேன். பானெட், கூரை, இடப்பக்கக் கதவுகள் எல்லாம் கச்சிதம். தேய்ப்பாள், பாலிஷின் எண்ணெய்ப் பசை போகத் துடைப்பாள், நான் அடிப்பேன், பார்ப்பாள். மதியத்துக்குள் முக்கால்வாசி முடிந்தது. என் தேர்வு எவ்வளவு உயர்வானது என்று மனதுக்குள் ஒரு பாராட்டுவிழாவே நடத்தி முடித்துவிட்டேன்.

பிறகு வலது பின்கதவு. கைப்பிடிக்குக் கீழே ஒரு கோடு. தேய்த்தாள். கோடு இருந்தது. இன்னொரு தடவை. மெலிந்தது, ஆனால் இருந்தது.

"எவ்ளோ மாமா?"

"தொண்ணூற்றெட்டு."

"தாங்கும்." தேய்த்தாள். "இப்போ?"

"தொண்ணூற்று மூன்று."

"இன்னும் தெரியுது பாருங்க. மேனேஜர் பார்த்தார்னா அவ்ளோதான். இன்னும் ஒரே ஒரு தடவை."

அவள் முகத்தைப் பார்த்தேன். கதவை அவள் பார்க்கவில்லை. பழைய ஷோரூமின் அந்த மைத்துனரைத்தான் மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஏய், துணி.'

போதும் என்று சொல்ல வேண்டும். மூன்றெழுத்து. தொண்டையைச் செருமினேன். தண்ணீர் வேணுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இதுவரை எந்த நூலாசிரியரிடமும் நான் நேருக்கு நேர் 'போதும், இனி அச்சுக்கு விடுங்கள்' என்று சொன்னதில்லை. ஓரத்தில் சின்னதாய்க் கேள்விக்குறி போட்டு அனுப்புவேன். கார்க் கதவுக்கு ஓரம் எங்கே இருக்கிறது?

மெஷினை மறுபடி எடுத்தாள். நான் விளக்கை அணைத்தேன்.

"என்னாச்சு மாமா?"

"பேட்டரி போயிடுச்சும்மா."

"ஸ்பேர் வாங்கினீங்களே?"

"வீட்டுலயே விட்டுட்டேன்."

மாற்று பேட்டரி என் சட்டைப்பையில் செங்கல்லாய்க் கனத்தது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மெஷினைக் கீழே வைத்தாள். "சரி, வெளிய எடுப்போம்."

வெயிலில் மேனேஜர் காத்திருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கறுப்புக் காரைச் சோதிக்கும் நிபுணர். பானெட்டில் குனிந்தவர் அதிலேயே தலையைச் சரிசெய்துகொண்டார். நல்ல சகுனம். சுற்றி வந்தார். வலது பின்கதவு. எனக்கு அந்தக் கோடு இருக்கும் இடம் தெரியும். இருந்தும் வெயிலில் என் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன். அவர் கைப்பிடியைப் பிடித்தார். விரல்நகம் கீழே உரசியது. நின்றார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது என்ன?"

மருமகள் வாயைத் திறப்பதற்குள் ஒரு குரல் கேட்டது. வயதான, கீச்சென்ற குரல்.

"அது ஆழமான கோடுங்க. எடுக்கப்போனா மேல் பூச்சே போயிடும். தெரிஞ்சுதான் விட்டிருக்கோம்."

என் குரல்தான்.

"தெரிஞ்சே விட்டீங்களா?"

"ஆமா." மீட்டரை நீட்டினேன். தலைகீழாக நீட்டியதால் அவர் என் மணிக்கட்டைத் திருப்பிப் படிக்க வேண்டியிருந்தது.

"முன்னாடி வந்த ஆள்கிட்ட ஒரு கோடுதான் எடுக்கச் சொன்னேன்" என்றார். "கோட்டை எடுத்தான், பெயின்ட்டையும் சேர்த்து எடுத்துட்டான். அந்த வண்டி அங்க போர்வை போர்த்திக்கிட்டு நிக்குது பாருங்க." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "சொல்றேன்" என்றார். அவ்வளவுதான். சொல்கிறேன் என்றால் என்ன பொருள்? எந்த அகராதியிலும் இருக்காது.

திரும்பி வரும்போது வேனில் ஒவ்வொரு குழியிலும் சட்டைப்பை நெஞ்சில் இடித்தது.

மார்ச் 22, ஞாயிறு

போன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வராது என்கிறான் ஆலோசகன். நான் பொய் சொன்னதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. உண்மை சொன்னது காரணமாக இருக்குமோ? இரண்டையும் ஒரே நாளில் செய்தவனுக்கு எதைப் பற்றிக் கவலைப்படுவது என்றே தெரியவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

போன் வந்தது. வியாழனன்று இரண்டாவது வண்டி. அதிலிருந்து வரிசையாக எல்லாம்.

"நான் வாங்கச் சொன்ன லைட்" என்று மகன் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் மருமகள் வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். இப்போது விட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று போய் நின்றேன். "அன்னைக்கு பேட்டரி..." என்றேன்.

"தெரியும் மாமா."

"எப்படி?"

"சட்டைப் பை அப்படித் தொங்குச்சு. பார்க்காமலா இருப்பேன்?" குழாயை மூடினாள். "அன்னைக்கு நானா நிறுத்தியிருக்க மாட்டேன். அந்த லைட்ட வெச்சுக்கிட்டா எனக்கு நிறுத்தத் தெரியாது. வியாழக்கிழமையும் வந்துடுங்க."

"ஸ்டாண்டு வாங்கிவிடலாமே..."

"ஸ்டாண்டுக்கு பேட்டரி தீராது மாமா."

மார்ச் 29, ஞாயிறு

நடுத்தரமான பிரஷ்ஷே வாங்கிவிட்டேன். ஈறு வலிக்கிறது.

ஏப்ரல் 6, திங்கள்

வெள்ளைக் கார். மஞ்சள் ஒளி. டிக்கி மூடியில் பிடிவாதமாக ஒரு கோடு. பேட்டரி மூன்றரை மணிக்குத் தீர்ந்தது. வீட்டுக்கு வந்து சார்ஜில் போட்டேன். உடனே நிறைந்துவிட்டது.