துறைமுகப் படத்தில் உன் அப்பா

டென்சில்,

கண் டாக்டரைப் பார்க்க பென்சான்ஸ் போகிறேன். மாட்டிறைச்சிப் பாஸ்டி அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு. ஃபிலிம் கிளப் ஆட்கள் ஏழு மணிக்கு வருவார்கள். நாற்காலிக்குப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டேன்.

நம் துறைமுகத்தில் எடுத்த அந்தப் பழைய படத்தின் டிஸ்க் தபாலில் வந்ததே, அதைப் பிரித்துவிட்டேன். "எல்லாரும் வந்தப்புறம்தான் பிரிக்கணும்" என்று நேற்று நீ கத்தினாய். "உங்கப்பா அதுல இல்லன்னா என்ன பண்ணுவ?" என்று நான் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் பயமாக இருந்தது. டிவியிலிருந்து நாம் பதிவு செய்த கேசட்டில் அவர் இல்லையே. "உங்கப்பா நடிச்சது படத்துலயா, பப்லயா?" என்று கிளப்பில் அந்த மோர்வென்னா எத்தனை வருஷமாகக் கேலியாகக் கேட்கிறாள். இன்று அத்தனை பேர் முன்னால் நீ வாயடைத்து நிற்பதை என்னால் பார்க்க முடியாது. நீ படகுக்குப் போனதும் போட்டுப் பார்த்தேன்.

இருக்கிறார், டென்சில். அவர் இந்தப் படத்தில் நடித்தார் என்று உன் அம்மா சொன்னது உண்மைதான். விளம்பரத்துக்காக டிவிக்காரர்கள் வெட்டிய காட்சி இதில் முழுதாக இருக்கிறது. நம் வீட்டுப் போட்டோவில் இருக்கும் அதே முகம், மீன்கூடையோடு கதாநாயகிக்குப் பின்னால் நடந்து வருகிறார். கேமராவைப் பார்க்காதே என்று சொல்லியிருப்பார்கள், இவர் நேராகப் பார்த்துவிடுகிறார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மறுபடி ஒட்டி வைக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம். அவர்கள் வருவதற்குள் ஒரு தடவை தனியாகப் பார்.

லவ்டே

இன்னொன்று. அவர் பார்ப்பது மட்டுமில்லை, சிரிக்கவும் செய்கிறார். நீ பிறக்கும் முன்பே கடலோடு போய்விட்ட மனிதர். அந்தச் சிரிப்பை நீ முதல்முதலாக மோர்வென்னா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டாம்.