தாம்பாளத்தால் அடித்தவருக்கு

நேற்று நன்னிலத்தில் ஒரு நிச்சயதார்த்தம். யார் கையிலிருந்தோ பித்தளைத் தாம்பாளம் நழுவித் தரையில் விழுந்தது. அபசகுனம் என்று எல்லாரும் பதறினார்கள். எனக்கோ அந்தச் சத்தம் இனித்தது, அம்மா. உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

கல்லூரிக் கடைசி வருடம், தஞ்சாவூரில் வகுப்புத் தோழன் வீட்டு மாடியில் பார்ட்டி. ஓட்காவை நானேதான் குடித்தேன். யாரும் வாயில் ஊற்றவில்லை. குடித்தேன், விழுந்தேன், நினைவு தப்பியது. அதுவரைக்கும்தான் என் பொறுப்பு. விழித்தபோது, பார்ட்டிக்கு வந்திருந்த உங்கள் மகன் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். நடந்தது எனக்கு நினைவில்லை. உடம்புக்குத் தெரிந்திருந்தது.

வீட்டில் சொன்னேன். அப்பா பெல்ட்டால் விளாசினார். "குடிச்சவளுக்கு என்னடி நியாயம்?" பிறகு என் மாமாக்களும் உங்கள் கணவரும் கூடிப் பேசி, கேஸ் வேண்டாம், கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று தீர்மானித்தார்கள். ஒரத்தநாட்டிலிருந்து நீங்கள் பூவும் பட்டுப்புடவையும் தாம்பாளத்தில் ஏந்தி வந்தீர்கள். இருவரும் விரும்பிவிட்டார்கள் என்றுதான் உங்களிடம் சொல்லியிருந்தார்களாம்.

என் கன்னத்துத் தடிப்பைப் பார்த்தீர்கள். மகன் பக்கம் திரும்பினீர்கள்.

"டேய், இந்தப் புள்ள சரின்னுச்சா?"

"வேணாம்னு சொல்லலம்மா."

"முழிச்சிருந்துச்சா?"

அவன் தலை குனிந்தான்.

பூ ஒரு பக்கம், புடவை ஒரு பக்கம் பறந்தது. தாம்பாளத்தின் விளிம்பு அவன் புருவத்தைப் பிளந்தது. "எடுபட்ட பயலே! நெனவில்லாமக் கெடந்த புள்ளயத் தொட்டவனுக்குக் கல்யாணம் ஒரு கேடா?" என்று மறுபடி மறுபடி ஓங்கினீர்கள். தடுக்க வந்த உங்கள் கணவர் உங்கள் கையை முறுக்கினார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம் வந்தீர்கள்.

"ஸ்டேஷனுக்குப் போவமாம்மா? ஒனக்கு இஷ்டமிருந்தா மட்டும்."

அத்தனை பேரில் என் இஷ்டத்தைக் கேட்டது நீங்கள் ஒருத்திதான். போனோம். பிறகு கோர்ட்டில் பெற்ற பிள்ளைக்கு எதிராகச் சாட்சி சொன்னீர்கள். அவன் உள்ளே போனான். சொந்தமெல்லாம் உங்களைத் தலைமுழுகியது.

போன ஐப்பசியில், ஆஸ்பத்திரியில் உங்கள் கடைசி நாட்களில் பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். கஞ்சி ஊட்டும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள்.

"ஜெயில்ல அவன் சாப்ட்ருப்பானா?"

கிண்ணத்தைச் சுவரில் அடிக்க வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. அடுத்த கரண்டியை நீட்டினேன். நீங்கள் வாய் திறக்கவில்லை.

அவன் செத்தாலும் எனக்கு ஆறாது, அம்மா. ஆனால் தினமும் சோற்றில் கை வைக்கும்போது அந்தக் கேள்வி என் எதிரே வந்து உட்கார்ந்துகொள்கிறது. உங்களுடையது என்பதால் எழுந்து போகச் சொல்ல மனம் வரவில்லை.