அண்ணன் சொன்ன பச்சை

ஐப்பசி 9, ஞாயிறு

கணினியில் ரயில் ஓட்டும் விளையாட்டுக்காக எங்கள் ஊர் பாசஞ்சரை நிஜம்போல மாற்றிக்கொண்டிருக்கிறேன். பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க, இன்று மாலை அண்ணனை உட்கார வைத்தேன். அவன் நிஜமாகவே ரயில் ஓட்டுகிறவன்.

"ஏளா, பிரேக்கு அச்சு அசலா இருக்கு" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சிக்னல் தெரிந்ததும் டிரைவர்கள் அதன் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். வீட்டிலும் அண்ணன் அப்படிக் கையை நீட்டிச் சொல்லிக்கொண்டேதான் ஓட்டினான். உப்பளம் தாண்டி மீளவிட்டான் ஸ்டேஷன் நெருங்கியது. "பச்சை" என்றான். நான் வைத்திருந்தது மஞ்சள்.

"அண்ணே, அது மஞ்சள்லா?"

திரையை உற்றுப் பார்த்தான். "இங்கன என்னைக்கும் பச்சைதான் கெடக்கும். நீ கலரைத் தப்பா வச்சிருக்க. மாத்து."

பழக்கத்தில் சொன்னானா, கண்ணுக்கே அப்படித்தான் தெரிகிறதா? கேட்க எனக்கு வாய் வரவில்லை. வண்டியில் உதவி டிரைவரும் இருப்பார், அவரும் பார்த்துச் சொல்லுவார். இதையே திரும்பத் திரும்ப எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த சிக்னலை மறுபடி திறந்து பார்த்தேன். மஞ்சள்தான்.

நாளை அவனுக்கு முதல் வண்டி. மூன்றரைக்கு எழுப்பச் சொல்லிவிட்டுத் தூங்குகிறான். எழுப்ப வேண்டியவள் நான்.