கீரை அரசனின் சேவல் விருந்து

அக்டோபர் 9

கடையில் மாட்டிக்கொண்டேன். கையில் முட்டை அட்டை, இருப்பதிலேயே மலிவானது. எதிரே என் தங்கை மகள் ஃபென்னா, உப்பு வாங்க வந்திருக்கிறாள். முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவளின் தாய்மாமன் கடைமுட்டையோடு நிற்கிறான்! திட்டியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பிக் கொடுத்திருப்பேன். வாயில் என்னை வென்றவன் இந்த வடகடல் கரையில் எவனும் இல்லை. அவள் திட்டவில்லை.

"இதைப் போட்ட கோழிக்குக் கூடப்பொறந்த சேவல் ஒண்ணு இருந்திருக்கும்ல மாமா. அது எங்கேன்னு என்னைக்காவது கேட்டீங்களா?"

கேட்டதில்லை. இத்தனை வருடம் தினமும் முட்டை தின்கிறேன், ஒருநாள்கூடத் தோன்றவில்லை. முட்டையிடும் இனத்துச் சேவலுக்குச் சதை பிடிக்காதாம். தீனிதான் தண்டம் என்று, முட்டையோட்டை விட்டு வந்த அன்றே கொன்றுவிடுகிறார்களாம். பிறப்பதில் பாதி! ஏழாம் வகுப்போடு நிறுத்தினாலும் உலகத்தில் எனக்குத் தெரியாதது ரொம்பக் குறைவு. இது எப்படித் தெரியாமல் போனது?

அக்டோபர் 10

முட்டை தின்ன உட்கார்ந்தேன். இறங்கவில்லை. கேஷா தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் தேநீர் ஊற்றினாள். என் மனைவி பேசாதபோதுதான் பயமாக இருக்கும்.

அக்டோபர் 14

ஃபென்னாவின் பண்ணைக்குப் போனேன். இந்தக் கோடையில் வாங்கிய பெட்டைக்குஞ்சுகளோடு அவற்றின் கூடப்பிறந்த சேவல்களையும் கேட்டு வாங்கி வளர்க்கிறாள். முந்நூறு இருக்கும். சரி, அவள் எண்பது என்கிறாள். சத்தத்துக்கு முந்நூறுதான்.

ஒல்லிப் பையன்கள். நெஞ்சில் சதை இல்லை, நடையில் மட்டும் திமிர். யார் வாங்குவார்கள் என்றேன். அதுதான் மாமா சிக்கல் என்றாள். இந்தக் குளிருக்குள் சேவல்களைத் தின்ன ஆள் கிடைக்காவிட்டால், வசந்தத்தில் மற்றவர்களைப் போலப் பெட்டைக்குஞ்சு மட்டும்தான் வாங்க வேண்டிவருமாம். சொல்லும்போது வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 3

ஊர் மதுவிடுதியில் அறிவித்துவிட்டேன். போன குளிர்காலக் கீரை விருந்தில் எல்லாரையும்விட அதிகம் தின்றவன் என்று எனக்குத்தான் பரட்டைக்கீரை அரசன் பட்டம் கட்டினார்கள். பன்றி எலும்பைக் கயிற்றில் கோத்து மாலையும் போட்டார்கள். அரசனானவன் அடுத்த விருந்தைப் போட வேண்டும், அதுதான் ஊர் வழக்கம். "இந்த வருஷம் கீரையோட சாசேஜ் கிடையாது, ஃபென்னாவோட சேவல்தான்" என்றேன்.

பக்கத்து வீட்டு ஓக்கோதான் முதலில் வாயைத் திறந்தான். "டேய் ஹின்னெர்க், கீரைக்குப் பல்குத்தும் குச்சியா போடப்போறே?"

முந்நூறு பேருக்குக் கப்பலில் சமைத்தவன் நான் என்றேன். உருளைக்கிழங்கு உரித்ததும் சமையல்தானே.

நவம்பர் 22

முதல் உறைபனி. விடியும்போது பண்ணை வேலியோரம் நின்றேன். தீனி மூட்டை இறக்கத்தான் போனேன். கதவு திறந்ததும் அத்தனை சேவலும் வெள்ளைப் புல்லில் பாய்ந்தன. ஒன்று கூவியது. அலகிலிருந்து ஒரு சின்ன ஆவி மேலே போனது. அடுத்தது கூவியது, அதற்கும் ஓர் ஆவி. பிறகு மேய்ச்சல் நிலம் முழுக்க — கூவல், ஆவி, கூவல், ஆவி. அவற்றின் பின்னால் சூரியன் எழுந்ததும் ஒவ்வொரு மூச்சும் பொன்னாக எரிந்தது.

தொப்பியைக் கழற்றியிருக்கிறேன், எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை. காது விறைத்த பிறகுதான் கவனித்தேன். எத்தனையோ கடலைப் பார்த்தவன் நான். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. இது பொய்யில்லை.

ஜனவரி 24

விருந்துக்கான சேவல்களை இன்று அறுக்கக் கொண்டுபோனோம். ஒன்றை நானே கையில் ஏந்தியிருந்தேன். சூடாக இருந்தது.

ஜனவரி 26

இதை நாளை எழுதினால் மறந்துவிடுவேன், அல்லது கூட்டிச் சொல்லிவிடுவேன்.

மதியம் விடுதிச் சமையலறையில் அண்டாவை ஏற்றினேன். கடைக்கோழி போல ஒரு மணி நேரம் போதும் என்று கணக்கு. விருந்துக்கு முன் சாலை நெடுகப் பந்தெறிந்துகொண்டே நடக்கும் ஊர்வலம் உண்டு. அது கிளம்புமுன் ஒரு தொடையைக் கடித்தேன். ரப்பர் பூட்ஸ்.

கேஷா குத்திப் பார்த்தாள். "இது ஓடித் திரிஞ்ச சேவல்ங்க. கூண்டுல உக்காந்து கொழுத்தது இல்ல. இருட்டுற வரைக்கும் மெல்லக் கொதிக்கணும்."

வெளியே முப்பது பேர், கைவண்டி நிறைய சாராயம். வழக்கமாக மூன்று மணிக்கே பந்தெறிந்து முடித்துச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார்கள். இந்த மேசையில் சேவல் தோற்றால் ஃபென்னாவும் தோற்றாள். அவளோ ஊர்வலத்தில் சிரிப்பே இல்லாமல் நடந்து வருகிறாள்.

அப்போதுதான் அரசனின் மூளை வேலை செய்தது. சாலையில் நேராக உருள வேண்டிய பந்தை வாய்க்காலில் எறிந்தேன். நீளக் கழியில் கட்டிய கூடையால் சேற்றைத் துழாவி எடுத்தார்கள். அடுத்ததையும் எறிந்தேன். அதற்கடுத்ததையும்.

"கை போச்சா, கண்ணு போச்சா உனக்கு?" என்றான் ஓக்கோ, முழங்கால் வரை சேற்றோடு.

வடகடல் காற்று என்றேன். இலைகூட அசையவில்லை.

இருட்டியபின் பசியில் வெறிபிடித்த ஓநாய்க்கூட்டமாக விடுதிக்குள் நுழைந்தோம். கதவருகிலேயே எல்லாரும் நின்றுவிட்டார்கள். அந்த மணம்! சமையலறையிலிருந்து கையைப் பிடித்து இழுப்பதுபோல் வந்தது. கறி கரண்டி பட்டதும் எலும்பை விட்டது. சாறு ஊறிய கீரை பளபளத்தது.

பிறகு நடந்ததுதான் அதிசயம். பேச்சு நின்றது. எங்கள் ஊர் விருந்தில்! எலும்பு உறிஞ்சும் ஓசை மட்டும். எதிர்மேசையில் ஃபென்னா தன் தட்டைத் தொடவேயில்லை, ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓக்கோ கழுத்தெலும்பைக் கீழே வைத்தான். விரலைத் துடைத்தான்.

"எங்கம்மா வச்ச சாறு இப்படித்தான் இருக்கும். இது கோழியோட ருசி. நாம இவ்வளவு நாளா என்னத்தைடா தின்னுக்கிட்டு இருந்தோம்?"

ஃபென்னா கரண்டியை எடுத்தாள்.

ஜனவரி 27

பந்தை வேண்டுமென்றே எறிந்தேன் என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவனும் நம்பவில்லை. நிஜத்தைச் சொல்லும்போதுதான் இப்படி ஆகிறது.

பிப்ரவரி 16

மீதிச் சேவல்களுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. முதலில் போய்ச் சொல்லி வைத்தவன் ஓக்கோ. எங்களிடம் சொல்லாமல் கொல்லைப்பக்கமாகப் போயிருக்கிறான்.

இப்போது வாரம் இரண்டு முட்டைதான் தின்கிறேன், ஃபென்னாவுடையது. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் ஒருமுறை பார்க்கிறேன்.

ஏப்ரல் 11

குஞ்சுகள் வந்துவிட்டன, பெட்டையும் சேவலுமாக. பெட்டிகளைக் கொட்டகைக்குள் தூக்கி வைத்தது நான்தான். மூடியைத் திறந்ததும் மஞ்சள் கடல்போல ஒரு கீச்சொலி. ஃபென்னா ஒன்றை என் கையில் வைத்தாள். எடையே இல்லை. நேற்று ஓட்டுக்குள் இருந்தது, இன்று என் விரலைக் கொத்துகிறது. கொத்தி முடித்து, நின்றவாக்கிலேயே கண்ணை மூடி என் உள்ளங்கையில் தூங்கிப்போனது. அதன் நெஞ்சு அடிப்பது என் தோலில் தெரிந்தது.

வெகுநேரம் அசையாமல் நின்றேன். அது பெட்டையா சேவலா என்று ஃபென்னா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.