பின்னல் கயிறு

18 மார்ச் 1984, ஞாயிறு

எஸ்டேட்டின் சின்ன ஒண்டிக்கடையில், எங்கள் கூலியாள் சின்னான் தூண்டிலுக்கு நைலான் நரம்பைத்தான் எடுத்தான். "இது போதுமுங்க ரைட்டரே. பெரிய மீனுன்னா அறுத்துட்டுப் போவட்டும்" என்றான். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் நான்தான் கேட்காமல், அறுந்து போகாது என்று பின்னல் கயிற்றை வாங்கினேன்.

எஸ்டேட் குளத்தில் மீன் பிடிக்க அனுமதி கிடையாது. அதனால் கோல் இல்லாமல், விரலில் சுற்றிக்கொண்டு கையால்தான் வீசுவோம். நரம்பு கொஞ்சம் நீளும், மிஞ்சினால் அறுந்துவிடும். இன்று பின்னல் கயிற்றையும் அவன் அப்படியே சுற்றிக்கொண்டான். கெண்டை ஒரே இழுப்பு இழுத்தது. கயிறு நீளவும் இல்லை, அறுந்து போகவும் இல்லை. சுட்டுவிரலில் எலும்பு தெரிந்தது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். விரல் மடங்கவில்லை.

நான் அவனை வீட்டில் கொண்டுபோய் விட்டபோது, மனைவி பொன்னியிடம், "கவாத்துக் கத்தி பட்டுருச்சு" என்றான். என் வேலையைக் காப்பாற்ற அவனாகவே சொன்ன பொய்.

அவளும் எங்கள் எஸ்டேட்டில் செடிகளை வெட்டிக் கவாத்து செய்கிறவள். அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழமை ஏதுங்க கவாத்து?"

"நான்தான் அனுப்பினேன்" என்றேன்.

நாளைக் காலை நான் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது, முன்வரிசையில் அவள்தான் நிற்பாள்.