குகையில் வெற்றிலை போடும் வீரன் குறித்து

வளம் ஓங்குக, மழை பிழையாதிருக்க. கடலும் மலையும் ஒருங்கே ஆள்பவளும், மூன்று துறைமுகங்களை உடையவளும், நாவாய்ப் போரில் ஒரு கண்ணைக் கொடுத்து ஆழ்வரை நாட்டை மீட்டவளுமாகிய பரவைநங்கை மாதேவி, அரண்மனைக் கதையாசிரியர் ஓரிக்குடி வேள்நம்பிக்கு விடுக்கும் ஓலை.

உமது மனையும் மக்களும் மாடும் கன்றும் நலமென ஒற்றர் கூறினர். எழுத்தாணி ஒன்றே படுத்த படுக்கையாய்க் கிடக்கிறது என்றும் கூறினர்.

எமது எஞ்சிய கண்ணும் மங்கி வருவதையும், கார்காலம் வரை அது தாங்காது என மருத்துவர் கைவிரித்ததையும் நீர் அறிவீர். அதற்குள் மேகக் குகைக் கதையைத் திருத்தித் தருவதாகச் சொல்லிச் சென்றீர். பங்குனி முதல் நீர் அனுப்பியவை அனைத்தும் சாக்குகளே. கோயில் முரசு சிந்தையைக் கலைக்கிறது என்றீர், முரசை நிறுத்தினோம். முரசு நின்றபின், அமைதி அச்சுறுத்துகிறது என்றீர். கடற்காற்று வேண்டுமென்றீர், கடற்கரை மாளிகையைத் தந்தோம். அங்கே மீன் நாறுகிறது என்று எழுதினீர். இவ்வாண்டில் நீர் தடையின்றி எழுதிய வரி அது ஒன்றுதான் போலும். கலைமகள் கைவிட்டாள் என்பது உமது கடைசிச் சாக்கு.

கழித்த ஓலையை அழிக்கலாகாது, அரண்மனையில் ஒப்படைக்க வேண்டும் என்பது நம் நாட்டு வழக்கம். ஆகவே பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து நாமே படித்தோம். பழைய கதையில் பூதமகளுக்கு ஒற்றைக்கண். அது திறந்தால் பெய்யும் மழையும் அந்தரத்தில் நின்றுவிடும். வீரன் முருக்கன் வாளை உருவவும் மறந்து நடுங்கினான். அவ்விடத்தில் நாமும் நடுங்கினோம். புதிய ஓலையிலோ அவளுக்கு இரண்டு தாமரைக் கண்கள். வந்தவனை வரவேற்று வெற்றிலைத் தட்டை நீட்டுகிறாள். அன்றுமுதல் முருக்கன் குகையில் சம்மணமிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறான். அவன் எழுந்து போவதற்கு நீர் என்ன காரணம் வைத்தீர்?

கதை நின்றது கலைமகளால் அன்று. எமக்கு அஞ்சி நீர் அந்தக் கண்ணை மாற்றியதால். நம் அவையில் தேங்காய்க்குக் கண் உண்டு என்று சொல்லவும் நாக்கூசும் கூட்டம் ஒன்று இருக்கிறது. மடைப்பள்ளியார்கூட அதைப் புள்ளி என்றே சொல்கிறார். நீரும் அக்கூட்டத்தில் ஒருவர் என்று கண்டு உமக்காக வெட்கினோம். பூதத்தையே படைத்தவர் அரசியின் முகத்தை எண்ணித் தொடை நடுங்குவது நகைப்புக்குரியது.

கண் போனபின் அவைப் புலவர்தாம் எமக்குப் படித்துக் காட்டுவர். அவர்கள் கொடிய இடங்களைத் தாண்டுவர். குரலில் தேன் தடவுவர். அதற்கு இப்போதே நீர் எம்மைப் பழக்க வேண்டியதில்லை.

ஆதலின் ஆணையாவது: புதிய ஓலையை மெருகிடுவதை விடுக. கழித்தவற்றைத் தூதன்வசம் திருப்பி அனுப்பினோம். நீர் வெட்டிய இடத்திலிருந்தே தொடங்குக. பூதமகளின் கண்ணை அவளுக்கே கொடுத்து, முருக்கன் வாயிலுள்ள வெற்றிலையைத் துப்பச் செய்க. அச்சம் தெளியட்டும் என்று காத்திராமல், அஞ்சியபடியே எழுதுக. நாம் கடைசியாகப் படிக்கப்போவது உமது கதை. அதில் எமக்கு உபசாரம் செய்தால் பொறுக்கமாட்டோம்.

சுறா இலச்சினை இட்டோம். இது எழுத்தரைக் கொண்டு எழுதுவித்ததன்று, எம் கையெழுத்து. வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பின், எவ்வளவு காலம் மிச்சமிருக்கிறது என்று நீரே கணித்துக்கொள்க.